கல்லடைப்பும் தொலைவழி எக்ஸ்ரேயும்

நாமக்கல் மாவட்டத்தில், சமவெளியிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கும் கொல்லிமலையின் தலைமையூராகிய செம்மேட்டுக்கு, காரவள்ளி அடிவாரத்திலிருந்து போகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதும், உல்லாசப் பிரயாணிகள் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுவதில் ஒரு சந்தோஷம் காண்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிந்த விஷயம். அதே வளைவுகளில் நடுநிசியில், விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாந்தியெடுத்தபடி இறங்குகிற கல்லடைப்பு நோயாளிக்கு அந்த எண்ணிக்கை வேறு அர்த்தம் உடையது. அவன் இறங்கத்தான் வேண்டுமா? மலைமேலேயே ஓர் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை மட்டும் நாமக்கல்லிலோ சேலத்திலோ சென்னையிலோ இருக்கும் கதிரியக்க நிபுணருக்கு அனுப்பி, அவர் சொல்லும் அபிப்பிராயத்தைக் கொண்டு, மேலேயே வைத்துப் பார்க்கலாம் என்றோ உடனே இறக்கிவிட வேண்டும் என்றோ தீர்மானிக்க முடியாதா? முடியுமானால் அத்தீர்மானத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விகளைப் பல பக்கங்களிலிருந்தும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு வைத்தியம் வந்த விதத்தை முதலில் நினைவுகூர்வது தகும். சாலை இல்லாத காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில், ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயப் பாதிரியாரும் அவர் மனைவி எவலினும் மேலே குடியேறி, முறையான டாக்டர் பட்டம் இல்லாமலே, கற்றுக்கொண்டு வந்த சொற்ப வைத்தியத்தைக் கொண்டு மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பல் பிடுங்குவதும் புண்ணுக்கு மருந்து வைப்பதுமாகச் சேவை செய்தார்கள். அவர்களுடைய மகன் பால் பிராண்டு 1914-இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் பிரசித்தி பெற்றார். தந்தையோ மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் 1929-இல் காலமானார். அது வைத்தியர் மலை ஏறி வந்த காலம். சாலை போட்டபின் நோயாளி இறங்கும் காலம் வந்தது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருந்தும், 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் மேலே வந்தும், நிபுணர் வேண்டுமென்றால் இறங்குவதுதான் இன்றும் வழக்கம். வைத்தியர் ஏறாமலும் நோயாளி இறங்காமலும் படம் மட்டும் பிரயாணம் செய்வது மூன்றாவது ஏற்பாடு.

கல்லுக்கும் எக்ஸ்ரேக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. ராண்ட்கன் 1895 நவம்பரில் தம் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் ஜான் மக்கின்டயர் என்ற டாக்டர் உயிருள்ள மனிதனின் சிறுநீரகத்தில் இருந்த கல்லைப் படம் பிடித்து வெளியிட்டார். அதுவரையில் வலியின் போக்கையும் கையின் ஸ்பரிசத்தையும் நம்பிக் கத்தி வைத்த சத்திரவைத்தியருக்கு, அறுக்குமுன் பார்க்கலாம் என்பது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் எல்லாக் கல்லும் ஒரே ஜாதியல்ல. ஐந்தில் நான்கு பங்குக் கற்கள் கால்சியம் கலந்தவையாதலால் எலும்பைப் போலவே கதிரைத் தடுத்து வெண்மையாகத் தெரிகின்றன. சிறுநீர்த் தொற்றால் விளையும் கல்லும் சிஸ்டின் என்னும் அபூர்வமான கல்லும் மங்கலாகத் தெரிகின்றன. யூரிக் அமிலக் கல்லோ, எவ்வளவு பெரிதானாலும், எக்ஸ்ரேயில் அறவே தெரிவதில்லை. பத்தில் ஒன்பது கல் தெரியும் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்னது கல்லின் ரசாயனத்தை உத்தேசித்துச் சொன்னதே தவிர, நோயாளியின் வயிற்றை உத்தேசித்துச் சொன்னதல்ல. வயிற்றில் வாயு உண்டு, மலம் உண்டு, முதுகெலும்பு உண்டு, கொழுப்பும் உண்டு.

சிறுநீரகம், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை ஆகிய மூன்றையும் ஒரே தகட்டில் அடக்கும் இப்படத்தை ஆஸ்பத்திரி வழக்கில் கே.யு.பி. என்பார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, "மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்று டெக்னீஷியன் சொல்லும் அந்த ஒரு நொடியில் படம் விழுகிறது. அதைப் படிக்கிறவர் முதுகெலும்பின் இரு புறத்திலும் சிறுநீரகங்களின் நிழல்விளிம்பைத் தேடி, அங்கிருந்து முள்ளெலும்புகளின் பக்க முனைகளை ஒட்டிக் கீழே இறங்கி, இடுப்பெலும்பு மூட்டின்மேல் கடந்து, கூபகத்துக்குள் சற்று வெளிப்புறமாக வளைந்து, மறுபடி உள்நோக்கிச் சிறுநீர்ப்பையை அடையும் ஒரு கற்பனைக் கோட்டின் வழியே கண்ணை ஓட்டுகிறார். ஏனென்றால் குழாய் படத்தில் தெரியாது, அது போகும் பாதையைத்தான் எலும்புகளைக் கொண்டு அனுமானிக்க வேண்டும். குழாய் சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடம், பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்று குறுகல்களில்தான் கல் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் என்பது அவருக்குப் பாடம்.

அந்தக் கோட்டில் வெள்ளையாக ஏதேனும் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்பதில்லை. கூபகத்துச் சிரைகளில் உறைந்து சுண்ணாம்பேறிய இரத்தத் துளி, நடுவில் ஒரு கரும்புள்ளியோடு வட்டமாக நின்று, கல்லென்று ஏமாற்றும். வலப்புறத்தில் பித்தக்கல் வேஷம் போடும். விலாவெலும்பு முனையின் குருத்தெலும்பும், என்றோ வந்து ஆறிய காசநோயின் நிணநீர்க் கணுவும், விழுங்கிய மாத்திரையும் தத்தம் பங்குக்கு வெண்புள்ளி வைக்கும். நம் நாட்டில் இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இடுப்பு வெள்ளி அரைஞாணும், அதில் கோத்த தாயத்தும், புடவையில் குத்திய ஊக்கும் படத்தில் விழுந்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் நிபுணரைத் திகைக்கவைக்கக் கூடியவை. அரைஞாணை அவிழ்க்க மனமில்லாத கிழவருக்கு அதை மார்புவரை தூக்கிவிடலாம் என்று எடுத்துச் சொல்கிற டெக்னீஷியன் ஒருவர் மேலே இருப்பது, கீழே இருக்கும் கணினித் திரையின் உயர்வைவிட உபயோகமானது என்பது என் துணிபு.

இனி உண்மையான கணக்கைப் பார்ப்போம். விலா வலியோடு வந்தவர்களின் சாதாரண எக்ஸ்ரேயையும் சி.டி. ஸ்கேனையும் ஒப்பிட்டு 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சி.டி.யில் குழாய்க்கல் இருந்தவர்களுள் 45 சதவீதத்தினருக்கே எக்ஸ்ரேயை முதலில் படித்தவர் கல் இருப்பதைச் சொல்லியிருந்தார், சி.டி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தபோது அது 59 சதவீதமாக உயர்ந்தது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை என்பதற்குக் கல் இல்லை என்று பொருள் அல்ல என்பது முதலாவது. எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் அதே கண் அதே படத்தில் கூடுதலாகப் பார்க்கிறது என்பது இரண்டாவது; தொலைவிலிருந்து படிக்கும் விஷயத்தில் இந்த இரண்டாவது பாடமே முக்கியமானது என்பதைப் பின்னர் காண்போம்.

யேல் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் 1995-இல் மருந்து ஏற்றாத சி.டி.யைக் கல்லுக்குப் பிரயோகித்துக் காட்டிய நாள் முதல், கல்லைக் கண்டுபிடிக்கும் போட்டியில் எக்ஸ்ரே தோற்றுவிட்டது, சி.டி. நூற்றில் 95-க்கு மேல் கல்லைப் பிடித்துவிடுகிறது, எக்ஸ்ரேக்குத் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் அதற்குத் தெரிகிறது. அதற்கு விலையாக உடம்பில் ஏறும் கதிர்வீச்சு வழக்கமான சி.டி.யில் ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட். எக்ஸ்ரேயில் அது ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. குறைந்த அளவில் எடுக்கும் புதிய சி.டி. முறை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. அமெரிக்காவில் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 2,759 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2014-இல் வெளியான சோதனை, முதலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தவர்களுக்கும் முதலில் சி.டி. எடுத்தவர்களுக்கும் ஆபத்தான விளைவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டியது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அல்ட்ராசவுண்டே முதற்கருவி என்பதில் அபிப்பிராய பேதமே கிடையாது.

அப்படியானால் தோற்றுப்போன எக்ஸ்ரேயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இடத்தைப் பொறுத்தது. சி.டி. இயந்திரத்தை மலைமேல் வைத்து, அதற்குத் தடையில்லா மின்சாரமும் பழுது பார்ப்பவரும் தேடுவது இப்போதைக்குச் சுலபமல்ல. அல்ட்ராசவுண்டோ, பார்க்கிறவரின் கையோடு பிறந்து கையோடு முடிகிற பரீட்சை. கருவியை எந்தக் கோணத்தில் சாய்க்கிறார், எங்கே அழுத்துகிறார் என்பதில் பாதி நோயறிதல் அடங்கியிருப்பதால், ஒருவர் எடுத்து அனுப்பிய அசையாப் படத்தை இன்னொருவர் தூரத்திலிருந்து படிப்பதில் பொருள் குறைவு. போதாததற்கு, கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்க 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் இயந்திரம் பதிவுபெற்ற இடத்தில், தகுதி பெற்ற டாக்டர் கையில்தான் இயங்கலாம். நியாயமான அச்சட்டம் மலைக்கு மலை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதை வெகுவாகக் கட்டுப்படுத்துகிறது. எக்ஸ்ரே அப்படியல்ல. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வகுத்த முறைப்படி எடுத்துவிட்டால், செம்மேட்டில் பார்த்தாலும் சென்னையில் பார்த்தாலும் அது ஒரே படம். எடுப்பவரையும் படிப்பவரையும் பிரித்துவிடலாம் என்ற இந்தச் சுபாவத்தினாலேயே எக்ஸ்ரே தூரப் பிரயாணத்துக்கு ஏற்றதாயிற்று.

அந்தப் பிரயாணம் புதியதென்று எண்ணுவதும் சரியல்ல. 1948-இலேயே பிலடெல்பியாவைச் சேர்ந்த கெர்ஷன்-கோஹன், கூலி என்ற இருவர், வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரிலிருந்து 24 மைல் தூரம் டெலிபோன் கம்பி வழியாக எக்ஸ்ரே படங்களை அனுப்பிக் காட்டினார்கள். அப்பொழுது படம் பிலிமில் இருந்தது. அதை ஒளியால் தடவித் தடவி மின்குறியாக்க வேண்டியிருந்தது. 1980-களில் ஜப்பானின் பியூஜி கம்பெனி பிலிமுக்குப் பதிலாகக் கதிரைச் சேமித்து வைத்து லேசர் பட்டதும் ஒளிரும் தகட்டைக் கொண்டுவந்த பிறகு, படம் பிறக்கும்போதே எண்ணாகப் பிறந்தது. ஒரு கம்பெனி இயந்திரத்தின் படத்தை வேறு கம்பெனிக் கணினி திறந்து படிக்க உதவும் டைகாம் என்ற பொது விதி 1993-இல் அந்தப் பெயரோடு உருப்பெற்றது. நோயாளியின் பெயர், வயது, எடுத்த நேரம் ஆகியவை படத்தோடேயே ஒட்டிக்கொண்டு போவது அந்த விதியின் அனுகூலம்.

நம் தேசத்தில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்துச் சிறு ஆஸ்பத்திரியைத் தொலைதூர நிபுணர்களோடு இணைத்த அப்பல்லோ ஏற்பாட்டை 2000 மார்ச் 24-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஹைதராபாத்திலிருந்தபடியே தொடங்கிவைத்தார். இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை இக்காரியத்துக்கு ஒதுக்கியதால், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவோடு பேச முடிந்தது. 2002-இல் பெங்களூரில் டாக்டர் அர்ஜுன் கல்யாண்பூர் தொடங்கிய ஸ்தாபனம், அமெரிக்காவில் இரவாக இருக்கும்போது இங்கே பகலாக இருப்பதைப் பயன்படுத்தி, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளின் படங்களைப் படித்துச் சொல்வதைத் தொழிலாக்கியது. அமெரிக்க நோயாளியின் வயிற்றை நடுநிசியில் பெங்களூர் படிக்க முடிந்தபோது, கொல்லிமலையின் அரியூர்நாட்டு விவசாயியின் வயிற்றை நாமக்கல் படிக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2015-இல் தேசிய சுகாதார இயக்கம் வகுத்த இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் தொலைவழிக் கதிர்ப்பட வாசிப்பும் இடம் பெற்றதன் பின்னர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் இவ்வழி திறந்தது. 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதை இதனோடு சேர்த்து நோக்கினால், கொல்லிமலைப் படத்தைப் படிக்க மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவேண்டிய நிர்ப்பந்தம்கூட இல்லை.

பிரயாணச் செலவைச் சற்றுக் கணக்கிடுவோம். ஒரு வயிற்று எக்ஸ்ரே உத்தேசமாக 10 எம்.பி. அளவுள்ளது. வினாடிக்கு 40 கிலோபிட் மட்டும் ஓடிய பழைய அலைபேசிச் சேவையில் அது போய்ச்சேர அரை மணிக்கு மேலாகும். வினாடிக்கு 5 மெகாபிட் ஓடும் இன்றைய சேவையில் பதினாறு வினாடி போதும். ஆகவே அலைவரிசை என்பது, மழைக்காலத்தில் கோபுரம் படுத்துவிடும் நாட்களைத் தவிர, இப்போது பெரிய பிரச்சினையல்ல. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. முறையான கருவி இருந்தும் சோம்பலினாலோ, கருவி இல்லாமையினாலோ, வெளிச்சப் பெட்டியில் மாட்டிய பிலிமைக் கைப்பேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. இதில் நுணுக்கம் குறைவதால்தான் கல் தவறிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 43 சென்டிமீட்டர் நீளப் படத்தை 1,600 புள்ளிகளாகச் சுருக்கினாலும், 4 மில்லிமீட்டர் கல் ஏறக்குறைய 15 புள்ளி அகலத்தில் நிற்கும். கண்ணுக்குத் தப்பும் அளவல்ல அது. உண்மையில் தொலைந்துபோவது சாம்பல் நிறத்தின் படிகள். டைகாம் படத்தில் 4,096 வரையில் இருக்கும் படிகள் கைப்பேசிப் படத்தில் 256 ஆகிவிடுகின்றன. குடல் வாயுவின் கருமைக்கும் எலும்பின் வெண்மைக்கும் நடுவே மங்கலாக நிற்கும் கல்லை, திரையில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளியே இழுக்கிற வசதி நிபுணருக்குப் போய்விடுகிறது. பெட்டியின் பளபளப்பும் சாய்ந்த கோணமும் போதாக்குறைக்குச் சேர்கின்றன. வலது இடது குறிக்கும் ஈய எழுத்து படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுவிட்டாலோ, படம் தலைகீழாகத் திரும்பிவிட்டாலோ, விளையும் அனர்த்தத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கணினியே படத்தைப் படித்துவிடுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசநோய்க்காக மார்பு எக்ஸ்ரேயைக் கணினி கொண்டு படிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சிபாரிசு செய்தது. சிறுநீரகக் கல்லுக்கு அத்தகைய சிபாரிசு இல்லை. காசநோய்த் தேடலுக்காகக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் கையடக்க எக்ஸ்ரே கருவியையே கல்லுக்கும் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் பரிசீலனைக்கு நிற்காது; காற்று நிறைந்த மார்பைத் துளைக்கப் போதுமான அதன் சக்தி, பருத்த வயிற்றைத் துளைத்துத் தெளிவான படம் தரப் போதாது.

இவ்வளவு குறைபாடுள்ள படத்திலிருந்து என்ன தீர்மானம் கிடைக்கும்? கல் உண்டா இல்லையா என்று கேட்டால், கல் உள்ளவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தவறான பதில் வரும். யாரைக் கீழே அனுப்புவது என்று கேட்டால் பதில் வெகுவாகத் திருந்துகிறது. அமெரிக்க, ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கங்கள் 2007-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியின்படி, குழாயில் உள்ள 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் 68 சதவீதமும், 5 முதல் 10 வரை உள்ளவற்றில் 47 சதவீதமும் தாமாகவே வெளியேறிவிடுகின்றன. ஆகவே வலி ஊசிக்கு அடங்கி, காய்ச்சல் இல்லாமல், சிறுநீர் போய்க்கொண்டிருக்கும் வாலிபனுக்கு, குழாயின் அடிப்பாகத்தில் 4 மில்லிமீட்டர் கல் என்று கீழேயிருந்து அறிக்கை வந்தால், அவனை மேலேயே வைத்துப் பார்க்கலாம். வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்துக் கல் நகர்ந்ததா என்று பார்க்கவும் எக்ஸ்ரே மலிவான, போதுமான கருவி. 12 மில்லிமீட்டர் கல் மேற்குறுகலில் நிற்கிறது என்று வந்தால், அவன் பகலில், சௌகரியமான வண்டியில் இறங்கட்டும். அதிர்வலையால் உடைப்பதா, உள்நோக்கிக் கருவியால் எடுப்பதா என்பதைக் கீழே முடிவு செய்வார்கள்.

குளிர் காய்ச்சலோடு கல்லடைப்பு வந்தவனும், ஒற்றைச் சிறுநீரகம் உடையவனும், சிறுநீர் முற்றும் நின்றுபோனவனும் வேறு வகுப்பு. அடைப்புக்கு மேலே சீழ் கோத்த சிறுநீரகம் சில மணி நேரத்தில் உயிரை வாங்கும். இவர்களுக்குப் படம் எடுத்து, அனுப்பி, பதிலுக்குக் காத்திருப்பது பாதகம். ஆம்புலன்ஸ் புறப்பட்டபின் படத்தை அனுப்பினால் போதும். விலா வலியெல்லாம் கல்லும் அல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வீங்கி வெடிக்கப்போகும் வயிற்றுத் தமனியும், கருவுறும் வயதுப் பெண்ணுக்கு இடம் மாறிய கர்ப்பமும், யாருக்கும் குடல்வால் அழற்சியும் கல்லின் முகமூடியில் வரலாம். படம் எடுக்குமுன் பெண்ணுக்குக் கர்ப்பச் சோதனை செய்யவேண்டியதற்குக் கதிர்வீச்சு மட்டுமே காரணமல்ல.

சித்தர்கள் வாழ்ந்த மலையென்று பெயர் பெற்ற இடத்தில் மூலிகையைப் பற்றிப் பேசாமல் போவது முறையாகாது. பொங்கலுக்கு முந்தின நாள் கொங்கு நாட்டார் கூரையில் காப்புக் கட்டும் பூளைப்பூவின் செடியான சிறுபீளையும், நெருஞ்சிலும், வாழைத்தண்டுச் சாறும் கல்லடைப்புக்கு வழங்கிவரும் மருந்துகள். தானாக விழக்கூடிய சிறு கல்லை இவை விழவைத்ததாகப் பெயர் வாங்கிக்கொள்வது சகஜம். குடிக்கிற கஷாயத்தோடு நீரும் நிறைய உள்ளே போவதால் நன்மையும் உண்டு. காய்ச்சல் வந்தபிறகும் கஷாயத்தோடு உட்கார்ந்திருப்பதை மட்டுமே நான் கண்டிக்கிறேன்.

முன்பு சொன்ன இரண்டாவது பாடத்துக்கு வருகிறேன். எங்கே பார்ப்பது என்று தெரிந்த கண் கூடுதலாகப் பார்க்கும் என்றால், படத்தோடு போகும் சீட்டில் அந்தத் தகவல் இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் அச்சீட்டில் "வயிற்று வலி, கே.யு.பி." என்பதற்கு மேல் எழுதுவாரில்லை. வலி எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, தொடை இடுக்குக்கு இறங்குகிறதா, காய்ச்சல் எத்தனை, சிறுநீரில் இரத்த அணு உண்டா, முன்பு கல் வந்ததா என்ற ஆறு விவரங்களை எழுத ஒரு நர்ஸுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். சிறுநீரில் இரத்தம் இல்லாததால் கல் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கல் உள்ளவர்களுள் பத்தில் ஒருவருக்காவது அது தென்படுவதில்லை. படிக்கிறவர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. மத்திய அரசு 2020 மார்ச் 25-இல் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, தூரத்திலிருந்து ஆலோசனை தரும் பதிவு பெற்ற மருத்துவருக்கு நேரில் பார்ப்பவருக்குள்ள பொறுப்பே உண்டு. ஆகவே "கல் தெரியவில்லை" என்று ஒற்றை வரியில் கையெழுத்திடாமல், வாயு மறைத்ததா, இன்ன பகுதி தெளிவாக இல்லையா, அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்பதையும் அவர் எழுதியாக வேண்டும்.

கொல்லிமலை போன்ற இடங்களுக்குத் தொலைவழி எக்ஸ்ரே வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் இயந்திரத்தையும் இணைப்பையும் வாங்கி வைத்துவிட்டுத் திறப்பு விழாவோடு நின்றுவிடுவதானால் வேண்டாம். இரவிலும் விடுமுறையிலும் படம் எடுக்க ஒரு டெக்னீஷியனும், இரண்டு மணி நேரத்துக்குள் அறிக்கை தரக் கடமைப்பட்ட, பெயர் தெரிந்த ஒரு நிபுணரும், ஆறு விவரமும் நிரப்பாத சீட்டைத் திருப்பியனுப்பும் அதிகாரமும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்க வேண்டும். இம்மூன்றையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குவதே மலையிலுள்ள பஞ்சாயத்துத் தலைவர்கள் முதலில் செய்யவேண்டிய காரியம்.